மேனேஜர் நின்றால் ஓடும்

"சார், கோவிச்சுக்காம கொஞ்சம் வெளிய வாங்க," என்றார் ஃபிட்டர்.

மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கிலிருந்து மேனேஜர் வெளியே வந்தார். மெஷின் நின்றது.

"இப்ப உள்ள போங்க."

போனார். சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்தது. ஆப்பரேட்டர் அக்கா பட்டனை அழுத்த, மெஷின் 'தடக்' என்று வாயைத் திறந்து பிளாஸ்டிக் மூடிகளைத் துப்ப ஆரம்பித்தது.

"மறுபடியும் வெளிய..."

"என்னய்யா, எனக்கு டான்ஸ் கத்துக்குடுக்கறியா?"

கேட்டுக்கொண்டேதான் வந்தார். கேள்வி முடிவதற்குள் மெஷின் நின்றுவிட்டது.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் தெளிந்தவர் மேனேஜர்தான். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"நான் நின்னா ஓடுது. நகர்ந்தா நிக்குது. இதுக்கு என்ன அர்த்தம்?"

"அதான் சார் எனக்கும் புரியலை."

"எனக்குப் புரியுது. பயம்!"

அந்தத் தொழிற்சாலையில் தண்ணீர் பாட்டில்களுக்கு மூடி செய்தார்கள். உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் தள்ளி, அச்சைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டால் மூடி இறுகும். தண்ணீர் நின்றுபோனால் மூடி இறுகாது, அச்சுதான் வேகும். போன மாதம் அப்படித்தான் வடிகட்டியில் குப்பை அடைத்து, தண்ணீர் நின்று, யாரும் கவனிக்காமல் ஒரு நல்ல அச்சு கருகிப்போனது. முதலாளியம்மா நேரில் வந்து அந்தக் கருகலைப் பார்த்தார். "தண்ணி நின்னா மெஷினும் தானா நிக்கணும். அதுக்கு எதையாவது மாட்டுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த 'எதையாவது'தான் ஃப்ளோ சுவிட்ச். கைக்குள் அடங்குகிற பித்தளைச் சாமான். தண்ணீர்க் குழாயை அறுத்து நடுவில் செங்குத்தாக மாட்ட வேண்டும். உள்ளே ஒரு பிஸ்டன், பிஸ்டனுக்குள் ஒரு காந்தம். கீழிருந்து தண்ணீர் வேகமாக வந்தால் பிஸ்டன் மேலே எழும்பும். அதிலுள்ள காந்தம், வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன சுவிட்சுக்கு நேரே வந்ததும் சுவிட்ச் சேரும். மெஷின் ஓடும். தண்ணீர் குறைந்தால் பிஸ்டன் தன் கனத்தில் கீழே இறங்கும். மெஷின் நிற்கும். அவ்வளவுதான் சங்கதி.

அதை மேனேஜரே கடைக்குப் போய் வாங்கி வந்தார். பெட்டியைப் பிரித்துப் பார்த்ததுமே ஃபிட்டர் தலையைச் சொறிந்தார்.

"சார், இது பெரிய லைனுக்குப் போடறது. நம்ம லைன்ல வர்ற தண்ணிக்கு இந்தப் பிஸ்டன் எழும்பாது."

"புள்ளைக்குச் சட்டை எடுத்தா வளர்ற அளவுக்குத்தானே எடுப்போம்? கம்பெனி வளருமா வளராதா?"

"வளரும் சார்."

"அப்ப மாட்டு."

ஃபிட்டருக்கு அங்கே 'வாஷர்' என்று பெயர். எங்கே எது ஒழுகினாலும் "ஒரு வாஷர் போட்டா சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே கால்சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுப்பார். பெரும்பாலும் சரியாகவும் ஆகிவிடும். சண்டை சச்சரவு தெரியாத மனிதர். அதனால் மறுபேச்சில்லாமல், இடுக்கில் ஏறிப்போகிற குழாயில் இடுப்பு உயரத்தில், அம்புக்குறி மேலே பார்க்க, சுவிட்சை மாட்டினார். அவர் சொன்னபடியே பிஸ்டன் எழும்பவில்லை. சிவப்பு விளக்கு முறைத்தது. "பார்த்தீங்களா சார்?" என்று அவர் வாயெடுத்த நேரத்தில், "தள்ளு, நான் பார்க்கறேன்," என்று மேனேஜர் இடுக்குக்குள் நுழைந்தார். பச்சை எரிந்தது.

அன்றிலிருந்து வாஷரின் நியாயத்துக்கு மதிப்பில்லாமல் போயிற்று.

"சார், சைஸ் பெரிசுங்க. தண்ணி பத்தாது."

"தண்ணி பத்தாதுன்னா நான் நின்னா மட்டும் எங்கேருந்து வருது?"

வாஷர் ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

முதலில் அவர் சுவிட்சைக் கழற்றிச் சுத்தம் செய்து பார்த்தார். பிஸ்டனில் இரும்புத்தூள் அரும்பு மீசை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. துணியால் துடைத்து, ஊதி, ஆட்டிப் பார்த்து, வழுக்கிக்கொண்டு ஏறி இறங்குகிறது என்று உறுதிசெய்துகொண்டு மாட்டினார். கழற்றும்போது குழாயில் மிச்சமிருந்த தண்ணீரை வடித்துவிட மறந்ததால், அது மேனேஜரின் ஷூவுக்குள் போயிற்று என்பது தவிர வேறு மாற்றம் ஏதும் இல்லை. மேனேஜர் ஈர ஷூவோடு 'சளக் சளக்' என்று இடுக்குக்குள் போனார். மெஷின் ஓடியது.

"ஷூவுல தண்ணி இருந்தாலும் மரியாதை குறையலை பாரு," என்றார்.

அடுத்து வாஷருக்குத் தரை மேல் சந்தேகம் வந்தது. இடுக்கில் கிடந்த இரும்புத் தகட்டில் கனமான ஆள் ஏறினால் எங்கேயோ ஒயர் ஒன்று நசுங்கித் தொடுகிறதோ? மேனேஜர் உணவு இடைவேளைக்குப் போன சமயம் பார்த்து, ஸ்டோர்ஸ்காரரைக் கூட்டி வந்தார். ஸ்டோர்ஸ்காரர் மேனேஜரைவிட ஒரு சுற்று பெரியவர்.

"அண்ணே, சும்மா இதுக்குள்ள போய் நில்லுங்க."

"எதுக்குய்யா?"

"உங்க வெயிட்டு வேணும்."

ஸ்டோர்ஸ்காரர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நுழைந்தார். சிவப்பு. குதித்தார். சிவப்பு. ஒற்றைக் காலில் நின்றார். அதற்கும் சிவப்பு. கடைசியில் வெளியே வர முயன்றபோதுதான் விஷயம் தெரிந்தது. மூச்சை விட்டுவிட்டார், வயிறு பழைய அளவுக்கு வந்து இடுக்கை அடைத்துக்கொண்டது. ஆப்பரேட்டர் அக்கா கையைப் பிடித்து இழுக்க, வாஷர் அந்தப் பக்கத்திலிருந்து தள்ள, சட்டைப் பித்தான்கள் தெறிக்க அவர் வெளியே வந்து விழுந்த இடம், சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்த மேனேஜரின் காலடி.

"என்ன, ஆளாளுக்கு என் இடத்துல நிக்கப் பார்க்கறீங்களா?" என்றார் மேனேஜர். "அந்த இடம் நின்னா வர்றதில்லய்யா. தகுதியால வர்றது."

வீட்டில் வாஷரின் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்து யாருடைய கால்சட்டைக்கோ மடிப்பு அடித்துக்கொண்டிருந்தாள். கணவர் சொன்னதையெல்லாம் காலை நிறுத்தாமலே கேட்டாள்.

"இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு? எங்கப்பா வந்து வாசல்ல நின்னாத்தானே நீங்க எழுந்து கடைக்குப் போறீங்க."

"நான் மனுஷன்டீ. அது பித்தளை."

"பித்தளைக்கு இருக்கற புத்திகூட..." என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். தையல் மெஷினும் நின்றது. "ஏங்க, நெசமாவே வருத்தப்படறீங்களா?"

"எனக்குத் தெரிஞ்சது இந்தத் தொழில் ஒண்ணுதான். தண்ணி மேல போனா பிஸ்டன் மேல போகும். அதை நம்பித்தான் இத்தனை நாளா ஸ்பேனர் பிடிச்சேன். இப்ப அந்தாளு நின்னா மேல போகுதுன்னா, நான் கத்துக்கிட்டதெல்லாம் என்ன?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அவர் அங்க நிக்கறப்ப என்னதான் பண்றாரு? சும்மாவா நிக்கறாரு?"

"கத்துவாரு."

"அப்ப சத்தத்துலதான் ஏதோ இருக்கு. சத்தத்துல கண்ணாடியே உடையுமாம். உங்க பிஸ்டன் எழும்பாதா?"

தொழில் தெரிந்த ஃபிட்டர் இதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். ஆனால் வெள்ளத்தில் போகிறவனுக்குத் துரும்பு கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும்.

மறுநாள் காலையில் மேனேஜர் வருவதற்கு முன்பே வாஷர் ஆப்பரேட்டர் அக்காவிடம் போய் நின்றார். மேனேஜர் மாதிரி பேசிக் காட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஓய்வறையில் அவள் அப்படிப் பேசினால் பழக்கதோஷத்தில் சிலர் எழுந்துகூட நிற்பார்கள்.

"தங்கச்சி, அந்த இடுக்குக்குள்ள போய் அவர் மாதிரி கொஞ்சம் கத்தும்மா."

"அண்ணே, உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"கத்தும்மா. வேலை சம்பந்தமாத்தான்."

அவள் உள்ளே போனாள். இடுப்பில் கையை ஊன்றினாள். தாடையைத் தூக்கினாள். "என்னய்யா நடக்குது இங்க? இது கம்பெனியா, கல்யாண வீடா? நான் ஒருத்தன் இல்லேன்னா இங்க ஒரு ஈ பறக்குமா?"

ஷிப்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. "இன்னும் கொஞ்சம் அடித்தொண்டையில," என்றார் வாஷர். அவள் அடித்தொண்டையில் ஒரு கத்துக் கத்திவிட்டு, இடுக்கின் அடுத்த பக்கமாக, மேனேஜரின் நடை நடந்தே வெளியேறினாள். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டலுக்கு நடுவே பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"எரிஞ்சிடுச்சு! எரிஞ்சிடுச்சு!" என்று வாஷர் துள்ளிக் குதித்துத் திரும்பினார். இந்தப் பக்கத்தில், குழாயில் முதுகு உரச, மேனேஜர் நின்றுகொண்டிருந்தார்.

"கல்யாண வீடா?" என்றார் மேனேஜர்.

கூட்டம் கலைந்த வேகத்தில் தரையில் கிடந்த மூடிகள் உருண்டன.

அன்றே மேனேஜர் ஒரு முடிவுக்கு வந்தார். பெரிய பாட்டில் கம்பெனி ஒன்றுக்கு மூடி அனுப்பியாக வேண்டும். மெஷின் நிற்கக் கூடாது. உயரமான முக்காலி ஒன்றையும் தொலைபேசியையும் கோப்புகளையும் இடுக்குக்குள்ளேயே கொண்டுவரச் சொன்னார். குழாய் முதுகுக்குச் சாய்மானம் ஆயிற்று. மெஷின் தடக் தடக் என்று அடைமழை போல் மூடிகளைக் கொட்டியது. யாராவது தொலைபேசியில் கூப்பிட்டால், "நான் இல்லேன்னா இங்க எதுவும் ஓடாதுங்க," என்பார். அவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக அது முழு உண்மையாக இருந்தது.

முதல் நாள் ராஜ சிம்மாசனம் மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் முக்காலி மாதிரி இருந்தது. அதற்கப்புறம் ஜெயில். டீ குடிக்கக் கையை நீட்டலாம், எழக் கூடாது. கழிவறைக்குப் போனால் மெஷின் நிற்கும். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அவர் போன திசையையே பார்ப்பார்கள். அவர் திரும்பி வரும்போது, "வந்துட்டார், வந்துட்டார்," என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். மானமுள்ள மனிதர் எத்தனை முறைதான் இதைத் தாங்குவார்? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்.

ஆட்களுக்கும் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. கொஞ்சம் உட்கார்ந்தால் தேவலை என்று தோன்றினால், "சார், உங்களைப் பார்க்க வாசல்ல யாரோ வந்திருக்காங்க," என்று ஒருவர் போய்ச் சொல்வார். அவர் வாசல் வரை போய் யாரும் இல்லாததைக் கண்டு திரும்புவதற்குள் எல்லோரும் ஒரு வாய் டீ குடித்துவிடலாம்.

"வாஷர், இதுக்கு ஒரு வழி பண்ணு," என்றார் மேனேஜர் ஒருநாள், குரலைத் தாழ்த்தி.

"சின்ன சைஸ் சுவிட்ச் வாங்கிக் குடுங்க சார்."

"அதை விடமாட்டியா நீ? வேற வழி சொல்லு."

வேறு வழி ஒன்று இருந்தது. தண்ணீரின் வேகத்தை ஏற்றினால் எந்தப் பிஸ்டனும் எழும்பியே தீர வேண்டும். வாஷர் மேனேஜரை முக்காலியோடு வெளியே வரச் சொல்லிவிட்டு, பெரிய வால்வை மெல்ல மெல்லத் திறந்தார். குழாய் முனகியது. இன்னும் திறந்தார். குழாய் நடுங்கியது. இன்னும் ஒரு சுற்று. பச்சை!

"சார்! நீங்க இல்லாமயே எரியுது சார்!" என்று கூவினார் வாஷர். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. தண்ணீர் மேலே போனால் பிஸ்டன் மேலே போகிறது. உலகம் சரியாகத்தான் இருக்கிறது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அச்சுக்குப் போகிற ரப்பர் ஹோஸ் கிளாம்பை உதறிக்கொண்டு பாம்பாகத் துள்ளி எழுந்தது. தண்ணீர் முதலில் கூரையை அடித்தது, பிறகு ஸ்டோர்ஸ்காரரை. அதற்கும் பிறகு, லாரிக்காக அடுக்கி வைத்திருந்த அட்டைப்பெட்டிகளை. நனைந்த அட்டைப்பெட்டி என்ன செய்யுமோ அதைச் செய்தது: அடி விட்டுக்கொண்டது. மலைமலையாக மூடிகள் வெளியே ஓடி வந்தன. அவற்றை மிதித்து வழுக்காமல் வால்வை மூடப் போகக்கூடியவர் அங்கே யாரும் இல்லை. வாஷர் தவழ்ந்து போய் மூடினார்.

"நான் நின்னேன், வெறும் விளக்கு எரிஞ்சுது," என்றார் மேனேஜர், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நீ நின்னே, ஊரே மிதக்குது."

அதற்குப் பிறகு வாஷர் செய்தது, தொழிலைக் கற்ற நாளிலிருந்து செய்யக்கூடாது என்று அவர் நினைத்திருந்த காரியம். மேனேஜர் மதியம் சாப்பிடப் போயிருந்தார். லாரிக்காரர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு பெட்டிதான் குறைவு. வாஷர் சுவிட்சிலிருந்து வருகிற இரண்டு ஒயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று முறுக்கிவிட்டார். இனி பிஸ்டன் எழும்பினாலும் ஒன்றுதான், எழும்பாவிட்டாலும் ஒன்றுதான்.

"அண்ணே, இது காவலுக்கு நிக்கற ஆளோட கண்ணைக் கட்டற மாதிரி இல்ல?" என்றாள் ஆப்பரேட்டர் அக்கா.

"ஒரு பெட்டி நிரம்பற வரைக்கும்மா. நான் குழாயில கை வெச்சுக்கிட்டே நிக்கறேன். சூடு ஏறினா சொல்றேன், நிறுத்திடு."

பெட்டி முக்கால் நிரம்பியிருந்தபோது மேனேஜர் வந்தார். தூரத்திலிருந்தே மெஷின் சத்தம் அவர் காதில் விழுந்தது. நின்றார். தன் காலைக் குனிந்து பார்த்தார். தான் இருப்பது வாசலில்தான் என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து வாஷருக்கே பாவமாக இருந்தது. மெஷின் ஓடுகிறதே என்று சந்தோஷப்பட வேண்டியவர், வீட்டில் தனக்குத் தெரியாமல் விருந்து நடப்பதைக் கண்டவர்போல நின்றார்.

"யாரைக் கேட்டு ஓடுது?"

அவர் கண் ஒயர் முறுக்கலின் மேல் விழுந்தது. துக்கம் அப்படியே கோபமாக மாறியது.

"ஓஹோ. கதை இப்படிப் போகுதா! அப்ப இத்தனை நாளா நீதான் ஒயரைக் கழட்டிக் கழட்டி விளையாடியிருக்கே. நான் வந்தா சேர்த்து வெக்கறது, போனா பிரிக்கறது. என்னை முக்காலியில உட்கார வெச்சு ஊரே சிரிக்க!"

"சத்தியமா இல்ல சார். இன்னிக்கு மட்டும்தான்..."

"முதலாளியம்மா நாளைக்கு வர்றாங்க. அவங்ககிட்ட சொல்லு உன் சத்தியத்தை. அச்சு கருகினப்பவே உன்னை அனுப்பியிருக்கணும்."

வாஷர் அன்று வீட்டுக்கு நடந்தே போனார். மனைவியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் கிண்டல் செய்யவில்லை. அதுவே அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. "ஒண்ணும் ஆகாது. நடந்தது நடந்தபடி சொல்லுங்க," என்றாள். "மெஷினே சாட்சி சொல்லுமில்ல? ஒயரை உங்க கையால தொடாம, முதலாளியம்மா முன்னாலயே அவரை நிக்கச் சொல்லுங்க. ஓடினா, நீங்க விளையாடலைன்னு ஆயிடும்."

யோசித்துப் பார்த்தால் அதுதான் ஒரே வழி. தன் வேலை நிலைக்க வேண்டுமானால், மேனேஜருக்கு மெஷின் பயப்படுகிறது என்று வாஷரே நிரூபித்தாக வேண்டும்.

மறுநாள் முதலாளியம்மா வந்தார். வெள்ளைக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மெஷின் அருகே வந்து நின்றார். முறுக்கிய ஒயர்கள் பிரித்துப் பழையபடி மாட்டப்பட்டிருந்தன. எல்லோரும் பார்க்கும்படி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, தூரத் தள்ளி நின்றார் வாஷர்.

மேனேஜர் புத்தம்புதுக் கோட் போட்டு வந்திருந்தார். கோட் இடுப்பில் சிக்கென்று பிடித்திருந்தது. என்னவோ அன்று கொஞ்சம் கூனியிருந்தார், கை அடிக்கடி முதுகுப் பக்கம் போனது. முதலாளியம்மா வந்திருக்கும் பணிவு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"இந்த ஆள் ஒயர்ல விளையாடறதா சொல்றீங்க," என்றார் முதலாளியம்மா. "இவர் என்னடான்னா, நீங்க நின்னாலே மெஷின் ஓடும்னு சொல்றார். எனக்கு ரெண்டும் விளங்கலை. நின்னு காட்டுங்க, பார்ப்போம்."

மேனேஜர் இடுக்குக்குள் நுழைந்தார். குழாயில் முதுகைச் சாய்த்தார்.

சிவப்பு.

வெளியே வந்து மறுபடி நுழைந்தார். சிவப்பு. தொண்டையைக் கனைத்தார். "என்னய்யா நடக்குது இங்க?" என்று அடித்தொண்டையில் ஒரு அதட்டல் போட்டார். ஆப்பரேட்டர் அக்காவின் உதடுகள் பழக்கத்தில் கூடவே அசைந்தன. விளக்கு மட்டும் அசையவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எழுந்தார். கடைசியில் யாரும் கேட்காத மாதிரி குழாய்ப் பக்கம் சாய்ந்து, "கொஞ்சம் ஓடேன்," என்றார்.

சிவப்பு.

தான் ஜெயித்ததாகச் சந்தோஷப்படுவதா, வேலை போயிற்றே என்று அழுவதா என்று வாஷருக்குத் தெரியவில்லை. ஆனால் இடுக்குக்குள் வேர்த்து விறுவிறுத்து நிற்கிற மனிதரைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

"அம்மா," என்று ஒரு அடி முன்னால் வந்தார். "இன்னிக்கு ஏதோ கோளாறு. ஆனா ஐயா நின்னா ஓடும். நான் கண்ணால பார்த்தேன். முதல்ல நானே நம்பலை. நான் படிச்ச தொழிலுக்கு அது ஒத்துவரலை. ஆனா ஓடிச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

மேனேஜர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் முதன்முறையாக அதட்டல் இல்லை.

"ஆமாங்க. நிஜமாவே ஓடிச்சு," என்றார் மேனேஜரும், மெல்லிய குரலில். "பாவம், அவர் மேல தப்பில்லை. என்கிட்டதான் இன்னிக்கு என்னமோ போயிடுச்சு."

முதலாளியம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒருத்தருக்குப் புத்தி தடுமாறினா லீவு குடுக்கலாம்," என்றார். "ரெண்டு பேருக்குமா? நாளைக்கு ரெண்டு பேரும் ஆபீசுக்கு வந்து என்னைப் பாருங்க. கணக்கை முடிச்சுடலாம்."

அப்போதுதான் வாசல் பக்கம் சலசலப்பு கேட்டது. துணிப்பை ஒன்றை இடுப்போடு அணைத்துக்கொண்டு, நடுத்தர வயது அம்மாள் ஒருவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். யாரையும் பார்க்கவில்லை. "கொஞ்சம் வழி விடுங்க," என்று முதலாளியம்மாவையே ஒதுக்கிவிட்டு நேராக இடுக்குக்குள் நுழைந்தார். மேனேஜரைத் தாண்டி அந்தப் பக்கம் போக இடமில்லாமல், குழாயை ஒட்டி நின்றார்.

பச்சை எரிந்தது.

ஆப்பரேட்டர் அக்காவின் விரல் தானாகப் பட்டனை அழுத்தியது. தடக் என்று மெஷின் வாயைத் திறந்தது. மூடிகள் கொட்டின.

ஸ்டோர்ஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். வந்தவரோ பையை இறுக்கிக்கொண்டு, ஏன் எல்லோரும் தன்னை இப்படிப் பார்க்கிறார்கள் என்று மிரண்டுபோய் நின்றார்.

"யாரும்மா நீங்க?" என்றார் முதலாளியம்மா.

"இவரோட வீட்டுக்காரிங்க."

"ஆ...!" என்று கூட்டம் முழுக்க ஒரே குரலில் சொல்லித் தலையாட்டியது. இத்தனை நாள் புரியாத விஷயம் எல்லோருக்கும் ஒரே நொடியில் புரிந்துவிட்டது.

"அதானே பார்த்தேன்," என்று ஆப்பரேட்டர் அக்கா வாஷரின் காதில் கிசுகிசுத்தாள். "அவரையே ஆட்டி வெக்கறவங்க வந்துட்டாங்கண்ணே. இனிமே இந்த மெஷின் அவருக்கா பயப்படும்?"

வாஷர் தன்னையும் அறியாமல் கைகூப்பினார். முதலாளியம்மாகூடக் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, மரியாதையாக ஒரு அடி பின்வாங்கினார்.

அந்த அம்மாள் அதையெல்லாம் கவனித்ததாகத் தெரியவில்லை. பைக்குள் கையைவிட்டுக்கொண்டே கணவரைக் கடிந்துகொண்டார்:

"காலையில கோட் மாட்ட மாட்டேங்குதுன்னு கழட்டிப் போட்டுட்டு வந்துட்டீங்களே, டாக்டர் இடுப்பு வலிக்குக் கட்டச் சொன்ன காந்த பெல்ட்டை!"